ஜூஸ் வண்டியில் இன்வர்ட்டர்: வயர் ஏன் சுடுகிறது, மிக்ஸி ஏன் நிற்கிறது?

கேள்வி: குட்டி யானை வண்டியில் பெட்டி கட்டி, தாராபுரம் சுற்றுவட்டாரச் சந்தைகளில் மாலை நேர ஜூஸ் கடை போடுகிறேன். 750 வாட் மிக்ஸி ஒன்று, எல்லாம் சேர்த்து 30 வாட்டுக்கு எல்இடி விளக்குகள், சின்ன பில் மிஷின். ‘1500 வாட்’ என்று போட்டிருந்த 12 வோல்ட் இன்வர்ட்டரை ஆன்லைனில் வாங்கினேன். கூட வந்த கிளிப் வயர் எட்டவில்லை. அதனால் 6 ஸ்கொயர் எம்எம் வயரை 3 மீட்டர் நீளத்துக்குப் போட்டு வண்டியின் 50 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரியிலேயே மாட்டினேன். மிக்ஸியைப் போட்டதும் இன்வர்ட்டர் பீப் அடிக்கிறது, சில நேரம் ஆஃப் ஆகிவிடுகிறது. வயர் சூடாகி மேலுறை இளகிவிட்டது. இரண்டு முறை கடை முடிந்து கிளம்பும்போது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. இன்வர்ட்டருக்குள்ளேயே ஃபியூஸ் இருக்கிறது, வெளியே வேண்டாம் என்கிறார் மெக்கானிக். எவர்சில்வர் மேடையைத் தொட்டால் ‘சுர்’ரென்று ஷாக் அடிக்கிறது. எர்த்தை சேஸிஸில் (வண்டியின் இரும்புச் சட்டத்தில்) கொடு என்கிறார் ஒருவர், கொடுக்காதே என்கிறார் இன்னொருவர். என்ன செய்வது? இதிலேயே ஒரு சின்ன பிரிட்ஜும் ஓட்ட முடியுமா?

பதில்: அந்த 6 ஸ்கொயர் எம்எம் வயரை இன்றைக்கே கழற்றிவிடுங்கள். அடுத்த கடை எப்போது என்பதெல்லாம் பிறகு. மேலுறை இளகிய வயர் சேஸிஸ் தகட்டில் உரசினால் நடுவில் தடுக்க எதுவும் இல்லை. பேட்டரி ஷார்ட்டில் ஆயிரம் ஆம்பியரையும் தாண்டிக் கொடுக்கும். வயர் தீப்பிடிக்கச் சில நொடிகள் போதும்.

உங்கள் தொல்லைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் தொடங்குகின்றன. வீட்டில் 230 வோல்ட்டில் 800 வாட் எடுத்தால் மூன்றரை ஆம்பியர். அதே 800 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்கும்போது இன்வர்ட்டர் வீணாக்கும் 15 சதவீதத்தையும் சேர்த்து 940 வாட் ஆகிறது. லோடு ஏறும்போது பேட்டரி 11.5 வோல்ட்டுக்கு இறங்கும். ஆக சுமார் 82 ஆம்பியர். வெல்டிங் மிஷின் அளவு கரண்ட் இது. நீங்கள் போட்டதோ வீட்டு கீசருக்கு இழுக்கிற வயர்.

6 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் மீட்டருக்கு ஏறக்குறைய 0.0029 ஓம். போக 3 மீட்டர், வர 3 மீட்டர் என்றால் மொத்தம் 0.0175 ஓம். 82 ஆம்பியர் ஓடும்போது வயரிலேயே 1.4 வோல்ட் விழுந்துவிடும், கிட்டத்தட்ட 118 வாட் வெப்பமாகும். பேட்டரியில் 12 இருந்தாலும் இன்வர்ட்டருக்குப் போய்ச் சேர்வது 10.6. பெரும்பாலான 12 வோல்ட் இன்வர்ட்டர்கள் 10.5 வாக்கில் பீப் அடிக்கும், 10-க்கு அருகே ஆஃப் ஆகும். மிக்ஸி மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில் கரண்ட் 150 ஆம்பியரைத் தொட்டாலே வயரில் 2.6 வோல்ட் போய்விடும். இன்வர்ட்டர் நிற்கத்தான் செய்யும். பழுது இன்வர்ட்டரில் இல்லை. வேறு இன்வர்ட்டர் மாற்றியிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும்.

ஆகவே 12 வோல்ட் பக்கத்து வயரை முடிந்த மட்டும் குட்டையாக வையுங்கள். தூரம் போக வேண்டியது 230 வோல்ட் பக்கம்தான். இன்வர்ட்டர் பேட்டரிக்கு அரை மீட்டருக்குள் இருக்கட்டும். அங்கிருந்து மேடை வரை 1.5 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் வயர் தாராளம். பலரும் சுவிட்ச் கைக்கு எட்ட வேண்டுமென்று இன்வர்ட்டரை மேடைக்கு அடியில் வைத்துவிட்டுத் தடித்த கேபிளுக்குச் செலவு செய்கிறார்கள். ரிமோட் சுவிட்ச் உள்ள மாடல் வாங்கினால் அந்தப் பிரச்சினையும் இல்லை. மேடைக்கு அடியில் சர்க்கரைத் தண்ணீர் ஒழுகும் இடத்தில் வைப்பது வேறு வகையிலும் கேடு. ஃபேன் அந்த ஈரத்தை உள்ளே இழுத்து போர்டில் படிய விடும்.

சிகரெட் லைட்டர் சாக்கெட்டை நினைக்கவே வேண்டாம். அதன் ஃபியூஸ் பொதுவாக 10 முதல் 15 ஆம்பியர். 120 வாட், மிஞ்சினால் 150 வாட். போன் சார்ஜர், லேப்டாப்புக்குச் சரி.

இனி பேட்டரி. வண்டி ஸ்டார்ட் ஆகாததற்கு இங்கேதான் காரணம். ஒரு நாளைக்கு 80 டம்ளர், ஒவ்வொன்றுக்கும் முக்கால் நிமிடம் மிக்ஸி என்று வைத்தால் ஒரு மணி நேர ஓட்டம். மிக்ஸி எப்போதும் 750 வாட் இழுக்காது, 600 என்று கொள்வோம். விளக்கு 5 மணி நேரத்துக்கு 150 வாட்-மணி, பில் மிஷின், போன் சார்ஜுக்கு 50. மொத்தம் 800. இன்வர்ட்டர் இழப்பைச் சேர்த்தால் 940 வாட்-மணி, அதாவது 12 வோல்ட்டில் 78 ஏஎச். உங்களிடம் இருப்பதோ 50 ஏஎச் ஸ்டார்ட்டர் பேட்டரி. இடையிடையே இன்ஜினை ஓட விட்டுத்தான் இத்தனை நாள் சமாளித்திருப்பீர்கள். ஆனால் ஐட்லிங்கில் ஆல்டர்நேட்டர் (இன்ஜினோடு சுற்றி பேட்டரிக்கு சார்ஜ் கொடுப்பது) தன் லேபிளில் போட்டிருக்கும் ஆம்பியரை முழுதாகத் தராது. சிறிய சரக்கு வண்டி ஆல்டர்நேட்டரிடம் நின்ற இடத்தில் 80 ஆம்பியர் கேட்பது நடக்காத காரியம். டீசல் செலவும், வாங்க நிற்பவர்கள் மூக்கில் புகையும்தான் மிச்சம்.

ஸ்டார்ட்டர் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில நொடிகளுக்கு நிறையக் கரண்ட் கொடுத்துவிட்டு உடனே சார்ஜ் ஏறிக்கொள்வதற்காகச் செய்தவை. அடிவரை இறக்கி ஏற்றினால் சில மாதங்களிலேயே படுத்துவிடும். இன்வர்ட்டர் 10 வோல்ட்டில் ஆஃப் ஆகிறதே, அது பேட்டரியைக் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். லோடு இல்லாதபோது 12.7 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. இன்வர்ட்டர் ஆஃப் ஆகும் நேரத்தில் பேட்டரி பெரும்பாலும் காலி.

என் சிபாரிசு: வண்டி பேட்டரியை விட்டுவிடுங்கள். கடைக்கென்று தனி பேட்டரி வையுங்கள், இரவில் வீட்டுக் கரண்டில் சார்ஜ் போடுங்கள். வண்டி வயரிங்கோடு எந்த உறவும் வேண்டாம். சந்தை ஒவ்வொன்றும் அரை மணி, முக்கால் மணி ஓட்டம்தான் என்றால் ஆல்டர்நேட்டரிலிருந்து திரும்பக் கிடைப்பது சொற்பம். அதற்காக ரிலே, நீண்ட கேபிள், இரண்டு பக்கமும் ஃபியூஸ் என்று சிக்கலை இழுத்துக்கொள்வது வீண். போகும்போதும் ஏற வேண்டும் என்றே விரும்பினால் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்றை 10 ஸ்கொயர் எம்எம் வயரில், இரண்டு முனையிலும் 30 ஆம்பியர் ஃபியூஸுடன் போடலாம். 40 நிமிட ஓட்டத்துக்கு 13 ஏஎச் கிடைக்கும். லித்தியம் பேட்டரியை இப்படி ஒரு சார்ஜர் இல்லாமல் ஆல்டர்நேட்டரோடு நேரடியாக இணைக்கக் கூடாது. காலியாக இருக்கும் லித்தியம் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டே இருக்கும், ஆல்டர்நேட்டர் சூடாகிக் கருகும்.

எந்த பேட்டரி? 12.8 வோல்ட், 100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் ஒன்றில் 1280 வாட்-மணி இருக்கிறது. 80 சதவீதம் எடுத்தாலும் 1024, உங்கள் 940-க்குப் போதும். எடை 12 கிலோ வாக்கில். 20 ஆம்பியர் லித்தியம் சார்ஜரில் நான்கு மணி நேரத்தில் நிறைந்துவிடும். வாங்கும்போது உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் கட்டுப்பாட்டு போர்டு) தொடர்ச்சியாக 100 ஆம்பியர் தருமா, சில நொடிகளுக்கு எவ்வளவு தாங்கும் என்று லேபிளில் பாருங்கள். 50 ஆம்பியர் பிஎம்எஸ் உள்ளதை மாட்டினால் மிக்ஸி கிளம்பும்போதே கட் ஆகும். வீட்டு இன்வர்ட்டரின் டியூபுலர் பேட்டரி விலை குறைவு. ஆனால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால் 150 ஏஎச் வேண்டும், அதுவும் இழுபறிதான். எடை 50 கிலோவைத் தாண்டும். குண்டும் குழியுமான சாலையில் ஆசிட் சிந்தும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். மூடிய பெட்டிக்குள், சாப்பாட்டுப் பொருள் பக்கத்தில் அதை வைக்க நான் சொல்ல மாட்டேன். எதுவானாலும் பேட்டரியை இரும்புப் பட்டையால் தளத்தோடு போல்ட் போட்டுக் கட்டுங்கள். திடீர் பிரேக்கில் நகரும் பேட்டரியின் பிளஸ் முனை எதில் இடிக்கும் என்று சொல்ல முடியாது. பிளஸ் முனைக்கு ரப்பர் மூடியும் கட்டாயம்.

ஃபியூஸ் விஷயத்தில் மெக்கானிக் சொன்னது தவறு. இன்வர்ட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் இன்வர்ட்டரின் போர்டுக்கு. பேட்டரியிலிருந்து இன்வர்ட்டர் வரை வரும் வயர் நடுவில் தகட்டில் பட்டால் கரண்ட் அந்த ஃபியூஸ் வரைக்கும் போகவே போகாது. வெளி ஃபியூஸ் வயருக்கானது. எனவே அது பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். இன்வர்ட்டர் பக்கத்தில் வைத்தால் பயனில்லை. ஓடும் கரண்ட் 82, அதில் கால் பங்கு கூட்டினால் 103. அடுத்த அளவான 125 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். கேபிள் 35 ஸ்கொயர் எம்எம் செம்பு. மிக்ஸி கிளம்பும் நொடி நேர எழுச்சிக்கு இந்த ஃபியூஸ் உருகாது. ஷார்ட்டானால் உடனே போய்விடும். லெட்-ஆசிட் பேட்டரிக்கு (டியூபுலரும் இந்த வகைதான்) ஏஎன்எல் அல்லது மெகா ஃபியூஸ் போதும். லித்தியம் ஷார்ட்டில் கொட்டும் கரண்ட் இன்னும் அதிகம் என்பதால் கிளாஸ்-டி (Class T) ஃபியூஸ் நல்லது. விலை கூடத்தான், இதில் கணக்குப் பார்க்காதீர்கள். வீட்டு மெயின் போர்டில் மாட்டும் எம்சிபியை (கரண்ட் கூடினால் தானே விழும் சுவிட்ச்) இங்கே போடுகிறவர்கள் உண்டு. அது ஏசிக்கு. டிசியில் முனைகள் பிரிந்தாலும் தீப்பொறி அணையாமல் நின்று, எம்சிபியே உருகும். ஃபியூஸை அடுத்து 200 ஆம்பியர் டிசி ஐசொலேட்டர் சுவிட்ச் (பேட்டரியை முழுதாகத் துண்டிப்பது) ஒன்றும் வையுங்கள். கடை முடிந்ததும் அதைத் திருப்பிவிட்டுப் போங்கள். இன்வர்ட்டர் சும்மா ஆனில் இருந்தாலே ஒரு ஆம்பியர் அளவுக்குக் குடிக்கும். பத்து மணி நேரத்தில் 10 ஏஎச் போச்சு.

கேபிள் வாங்கும்போது ஏமாறுவது எளிது. கார் ஆடியோ கடைகளில் தடிமனாக, பளபளவென்று கிடைப்பவற்றில் பல செம்பு பூசிய அலுமினியம். செம்பில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே கடத்தும், போல்ட்டுக்கு அடியில் நசுங்கித் தளரும். ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெளியே சிவப்பாக இருந்து உள்ளே வெள்ளையாக வந்தால் வேண்டாம். உள்ளே சிவப்பு, வெளியே வெள்ளை என்றால் வெள்ளீயம் பூசிய செம்பு, நல்ல சரக்கு. எலெக்ட்ரிக்கல் ஹார்டுவேர் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் செம்பு வெல்டிங் கேபிள் மெல்லிய இழைகளால் ஆனது, நன்றாக வளையும். அதுவே போதும்.

லக் (கேபிள் நுனியில் அழுத்திப் பொருத்தி, போல்ட்டில் மாட்டும் முனை) அடிப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். சுத்தியலால் தட்டிய லக், பிளையரால் நசுக்கிய லக் எல்லாம் முதல் வாரம் வேலை செய்யும். அப்புறம் அதிர்வில் தளர்ந்து, அந்த ஒரு புள்ளியில் மட்டும் சூடேறும். 35-க்கான செம்பு லக்கை ஹைட்ராலிக் கிரிம்பிங் டூலில் அடிக்கச் சொல்லுங்கள். பேனல் போர்டு செய்யும் பட்டறைகளில் நான்கு லக்கை நின்றபடியே அடித்துத் தருவார்கள். வெறும் சால்டரை நம்பாதீர்கள், சூட்டில் இளகிவிடும். போல்ட்டில் மாட்டும்போது இன்வர்ட்டரின் செம்பு முனையும் லக்கும் நேருக்கு நேர் ஒட்டியிருக்க வேண்டும். வாஷர் லக்குக்கு மேலே. நடுவில் ஸ்டீல் வாஷர் போட்டால் அத்தனை கரண்ட்டும் அதன் வழியாகத்தான் போகும், முனையின் பிளாஸ்டிக் உருகுவது பெரும்பாலும் இதனால்தான்.

மைனஸ் கேபிளும் அதே 35 அளவில் பேட்டரியிலிருந்து நேராக இன்வர்ட்டருக்கு வரட்டும். அருகிலுள்ள பாடி போல்ட்டில் மைனஸ் எடுக்கும் பழக்கம் இவ்வளவு கரண்ட்டுக்கு உதவாது. பெயின்ட்டும் துருவும் போதும் கெடுக்க. மைனஸிலிருந்து சேஸிஸுக்கு ஒரே ஒரு இடத்தில், பெயின்ட்டைச் சுரண்டி, இதே கனத்தில் ஒரு இணைப்பு கொடுங்கள். அப்போதுதான் பிளஸ் எங்காவது பாடியில் பட்டால் ஃபியூஸ் உருகும். கேபிள் தகட்டைத் துளைத்துப் போகும் இடங்களில் ரப்பர் குரோமெட் (துளை விளிம்பு கேபிளை வெட்டாமல் காக்கும் வளையம்), மீதி நீளத்துக்கு ஃபிளெக்சிபிள் பைப், ஒரு அடிக்கு ஒரு கிளிப். சைலன்சர், டீசல் பைப் பக்கம் போகக் கூடாது.

இதைப் படிக்கும் லாரி, பஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வண்டி 24 வோல்ட். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுத்து ஓட்டினால் ஒன்று காலியாகவும் மற்றது ஓவர் சார்ஜாகவும் போய் இரண்டுமே கெடும். 24 வோல்ட் இன்வர்ட்டரே வாங்குங்கள்.

இப்போது இன்வர்ட்டர். நீங்கள் வாங்கியதில் 1500 என்பது பெரும்பாலும் கண நேரத்துக்கான பீக். பின்பக்கம் அல்லது உள்ளே இருக்கும் ஃபியூஸ்களைக் கூட்டிப் பாருங்கள். 30 ஆம்பியரில் மூன்று என்றால் 90 ஆம்பியர். 12-ஆல் பெருக்கினால் 1080 வாட் உள்ளே போகிறது. அது 1500-ஐத் தொடர்ந்து வெளியே தர வழியே இல்லை. பியூர் சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் போன்ற சீரான அலை), தொடர்ச்சியாக 1500 வாட் தரும் ஒன்றை வாங்குங்கள். உங்கள் ஓடும் லோடு 800 என்றாலும் மிக்ஸி கிளம்பும்போது அந்தப் பாதி மிச்சம் தேவைப்படும். மாடிஃபைடு சைன் வேவில் (படிக்கட்டு போன்ற அலை) மிக்ஸி சுற்றும்தான். ஆனால் இரைச்சலும் சூடும் கூடும், பில் மிஷினின் அடாப்டர் ஆயுள் குறையும். சுற்றிலும் நான்கு விரல் இடைவெளி விட்டு, ஃபேன் அடைபடாமல் மாட்டுங்கள். லெட்-ஆசிட் பேட்டரிக்கு நேர் மேலே வேண்டாம்.

ஷாக் விஷயம். சொன்ன இருவரும் பாதிச் சரி. இவ்வகை இன்வர்ட்டர்கள் பலவற்றில் வெளிவரும் இரண்டு வயரில் எதுவும் நியூட்ரல் இல்லை. பாடியை வைத்து அளந்தால் இரண்டிலும் 115 வோல்ட் வாக்கில் காட்டும். உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக இன்வர்ட்டர் கூட்டுக்கும் மிக்ஸியின் எர்த் முனைக்கும் சிறு கசிவு வருகிறது. அது போக இடம் இல்லாமல் உங்கள் ஈரக் கை வழியாகப் போகிறது. எனவே இன்வர்ட்டர் கூட்டில் இருக்கும் எர்த் ஸ்குரூவிலிருந்து சேஸிஸுக்கு 16 ஸ்கொயர் எம்எம் வயர் போடுங்கள். எவர்சில்வர் மேடையை 4 ஸ்கொயர் எம்எம் பச்சை வயரால் சேஸிஸோடு இணையுங்கள். பிளக் பாயின்ட்டின் எர்த் முனை இன்வர்ட்டரின் எர்த்துக்குப் போகிறதா என்று மல்ட்டிமீட்டரில் பாருங்கள். மிக்ஸியின் மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகியிருந்தால் தூக்கி எறியுங்கள்.

எர்த் கொடுக்காதே என்றவர் மனதில் இருந்தது வேறொன்றாக இருக்கலாம். வெளிவரும் இரண்டு வயரில் ஒன்றை ‘நியூட்ரல்’ என்று சொல்லி சேஸிஸில் கட்டுவது. மலிவான இன்வர்ட்டர்களில் பலவற்றில் அப்படிச் செய்தால் அந்த இடத்திலேயே புகைந்துவிடும். மேனுவலில் ‘நியூட்ரல்-எர்த் இணைக்கலாம்’ என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே செய்ய வேண்டும். இணைக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள் என்பேன். ஏனென்றால் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) அப்போதுதான் வேலை செய்யும். அந்த இணைப்பு ஆர்சிசிபிக்கு முன்னால், இன்வர்ட்டர் பக்கத்தில் இருக்க வேண்டும். இணைப்பே இல்லாத இன்வர்ட்டரில் ஆர்சிசிபி மாட்டினால் டெஸ்ட் பட்டன் ட்ரிப் ஆகும், ஆள் மேல் ஷாக் அடிக்கும்போது ட்ரிப் ஆகாது. ஜூஸ் கடையில் கை எப்போதும் ஈரம். இதில் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். அவுட்புட்டில் 6 ஆம்பியர் இரட்டைப் போல் எம்சிபி ஒன்று, இரண்டு வயரையும் துண்டிக்க.

திருவிழாக் கடைகளில் பக்கத்திலிருந்து கரண்ட் கிடைக்கும்போது அதே பாயின்ட்டில் வெளி லைனைக் கொடுக்கும் பழக்கம் இருந்தால், இரண்டு போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் செய்யாதீர்கள். இன்வர்ட்டரின் அவுட்புட்டுக்குள் வெளிக் கரண்ட் ஏறினால் அத்தோடு அதன் கதை முடிந்தது.

மாட்டும் வரிசை: எல்லா சுவிட்சும் ஆஃப். எர்த், பிறகு மைனஸ், பிறகு பிளஸ், கடைசியாக ஃபியூஸ். முதல் முறை ஐசொலேட்டரைப் போடும்போது உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆவதால் ஒரு பொறி வரலாம், இயல்புதான். பிறகு மிக்ஸியில் தண்ணீரும் பழமும் போட்டு ஓட்டியபடியே பேட்டரி முனையிலும் இன்வர்ட்டர் முனையிலும் வோல்ட்டேஜ் அளவெடுங்கள். வித்தியாசம் 0.2-க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் மீட்டரின் ஒரு முள்ளை கேபிளிலும் மறு முள்ளை லக்கிலும் வைத்து ஒவ்வொரு ஜாயின்ட்டாகப் பாருங்கள், குற்றவாளி தானே காட்டிக்கொடுக்கும். பத்து நிமிடம் விட்டு விட்டு ஓட்டியபின் லக்குகளைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, விரல் வைக்க முடியாவிட்டால் கிரிம்ப் சரியில்லை. ஒரு வாரம் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள்.

பிரிட்ஜ் வேண்டாம். ஓடும்போது 100 வாட்தான் என்றாலும் கம்ப்ரஸர் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதே நொடியில் மிக்ஸியும் ஓடினால் இன்வர்ட்டர் நிற்கும். தவிர நாள் முழுக்க ஓடுவதற்கு இந்த பேட்டரி காணாது. பின்னாளில் அவசியம் என்றால் இன்வர்ட்டரே தேவைப்படாத 12 வோல்ட் டிசி கம்ப்ரஸர் பிரிட்ஜ் பாருங்கள், அதற்கு இன்னொரு பேட்டரியோடு. அதுவரை ஐஸ் பெட்டியே போதும். வண்டியின் பழைய 50 ஏஎச் பேட்டரியை மட்டும் ஒருமுறை கடையில் லோடு டெஸ்ட் போட்டுப் பாருங்கள். இரண்டு முறை அடிவரை இறங்கியது என்பதால் தகடுகள் தேறியிருக்கின்றனவா என்று தெரிந்துகொள்வது நல்லது.